அக்கா பதில்கள்: வேலை போனதை வீட்டில் சொல்லாதவரும் வெண்டைக்காயும்

சிங்கப்பூரின் பல மூலைகளிலிருந்து வந்த இந்த மாதக் கடிதங்களைப் பிரித்து மேசையில் பரப்பியபோது ஒன்று கவனித்தேன். மாமியார் சண்டை, கணக்கு டியூஷன், பணிப்பெண் பிரச்சினை என்று வழக்கமாக வருகிற எதுவும் அதிகம் இல்லை. எதற்காக எழுந்திருக்கிறேன், யாருக்காக ஓடுகிறேன் என்பதைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார்கள். பெரிய கேள்வி. நான் ஆசிரமம் நடத்துபவள் இல்லை, தொழிற்சாலையில் தரச் சோதனை பார்த்தவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, 14 வருடம் ஒரே நிறுவனத்தில் சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் இருந்தேன். ஆறு வாரத்துக்கு முன் ஆட்குறைப்பு. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலை ஏழரைக்கு லேப்டாப் பையோடு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு ஆறரைக்கு வீடு திரும்புகிறேன். மகளுக்கு இந்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. சொன்னால் வீடே கலங்கிவிடும். கையிருப்பு நாலைந்து மாதம் தாங்கும். பணத்தைவிட, நான் எதற்கும் உதவாதவன் என்ற நினைப்புதான் அரிக்கிறது. வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் வேண்டும் என்கிறார்களே, அதை எங்கே போய்த் தேடுவது?
(47 வயது வாசகர், பொங்கோல்)

பதில்: தம்பி, இன்றிரவே மனைவியிடம் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சொல்லியாயிற்றா? சரி. இப்போது என் கதை. நானும் இதே நாடகத்தை ஆடியவள்தான். 1998, ஆசிய நிதி நெருக்கடி நேரம். ஹார்ட் டிஸ்க் பாகம் செய்கிற தொழிற்சாலையில் பதினொரு வருடம் இருந்தேன், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கையில் கடிதத்தைக் கொடுத்தார்கள். எனக்கு 39 வயது. நான் வேலைக்குப் போவதே பிடிக்காத மாமியார் வீட்டில் இருந்தார், அவர் வாயில் விழப் பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல ஆறேகாலுக்குச் சோற்று டப்பாவோடு கிளம்பினேன். தோ பாயோவில் தெரிந்த முகம் அதிகம் என்பதால் பஸ் ஏறி குவீன்ஸ்டவுனுக்குப் போனேன். மார்கரெட் டிரைவில் இருக்கிறதே, 1970-ல் திறந்த அந்தப் பழைய கிளை நூலகம், அதன் வாசல் திறக்கும்வரை பக்கத்து உணவங்காடியில் ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டுவேன். ஆறின கோப்பி எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள்.

கோப்பிக் கடையில் ஒரு சீன ஆன்ட்டி. என்னைவிட இருபது வயது மூத்தவர். நானும் அவரும் பேசிக்கொள்ள பசார் மலாய், அதாவது சந்தை மலாய் மட்டும்தான். ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, ‘ஐந்து நிமிஷம் கடையைப் பார், கழிப்பறைக்குப் போய் வருகிறேன்’ என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேர் கோப்பி கேட்டார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அசடு வழிய நின்றேன். அவர் திரும்பி வந்து சிரித்துவிட்டு, எப்படிப் போடுவது என்று காட்டினார். குவளையை முதலில் கொதிநீரில் அலச வேண்டும். டின் பாலை அடியில் விட வேண்டும். துணிப்பையைத் தூக்கி ஒரே சீராக ஊற்ற வேண்டும், நடுவில் கை நடுங்கினால் பொடி கலங்கி மேலே வந்துவிடும். மறுநாள் பெரியவர் ஒருவருக்கு நான் போட்ட கோப்பி சி கொசோங்கை (டின் பால் உண்டு, சர்க்கரை இல்லை) அவர் பாதி குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, மீதியையும் குடித்தார். பதினொரு வருடத் தொழிற்சாலையில் எனக்கு அப்படி ஒரு பாராட்டுக் கிடைத்ததில்லை.

அன்று கிளம்பும்போது ஆன்ட்டி கேட்டார்: ‘பெசோக் டத்தாங்?’ நாளைக்கு வருவியா?

தம்பி, எனக்கு அன்று வேலை கிடைக்கவில்லை, சம்பளமும் இல்லை, கையில் ஒரு கட்டுக் கீரை கொடுத்தனுப்பினார், அவ்வளவுதான். ஆனால் நாளைக் காலையில் நான் போகாவிட்டால் ஒரு மனுஷி என்னைத் தேடுவாள் என்று தெரிந்தபோது உடம்பில் ஏதோ நிமிர்ந்தது. அன்றிரவு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். மாமியார்? இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பழைய நகைச்சீட்டை எடுத்துக்கொண்டு வந்து ‘இதை வைத்துக்கொள்’ என்றார். நான் அவரைப் பற்றி நினைத்திருந்தது பாதி தப்பு.

அர்த்தத்தை எங்கே தேடுவது என்றீர்கள். நூலகத்தின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தேடினால் கிடைக்காது, நான் தேடிப் பார்த்துவிட்டேன். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மணிக்கு, உங்களை எதிர்பார்த்து ஒருவர் இருக்கும்படி ஏதாவது ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள். சின்னதாக இருக்கட்டும். மகளின் பள்ளித் தோழி ஒருத்திக்கும் சேர்த்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். புளோக்கில் நடக்க முடியாத தாத்தாவைச் செவ்வாய்க்கிழமை பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போகலாம். வேலை தேடுவதை விட்டுவிட்டு இதைச் செய்யச் சொல்லவில்லை. இது இருந்தால்தான் வேலை தேட முதுகெலும்பு நிற்கும்.

பணத்தையும் பேசிவிடுவோம், பேசாமல் அர்த்தம் பேசுவது ஏமாற்று. 2025 ஏப்ரலிலிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் இருக்கிறது. உங்கள் மாதச் சம்பளம் சராசரியாக 5,000 வெள்ளிக்கு மேல் போகாமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம், ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை தருகிறார்கள். சும்மா வராது, மாதாமாதம் வேலைக்கு விண்ணப்பிப்பது, பயிற்சிக்குப் போவது என்று புள்ளி சேர்க்க வேண்டும். அதுவே ஒரு வகையில் நல்லது. 40 வயது தாண்டியவர்களுக்கு 2024 மே மாதம் கணக்கில் போட்ட 4,000 வெள்ளிப் பயிற்சித் தொகை உங்களிடம் அப்படியே கிடக்கும், பாருங்கள். முழுநேரமாக நீண்ட பயிற்சி எடுத்தால் பழைய சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகையும் உண்டு. இதையெல்லாம் மனைவிக்குத் தெரியாமல் விண்ணப்பிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது என்றால், சாப்பாட்டு மேசையில் வேண்டாம், எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். நீர்வழிப் பாதையில் நடக்கக் கூட்டிப் போங்கள், பக்கத்தில் பக்கத்தில் நடந்தபடி சொல்லலாம். ‘ஆறு வாரமாகப் பொய் சொன்னேன்’ என்பதை முதலில் சொல்லுங்கள், வேலை போனதை இரண்டாவதாக. வேலை போனதற்காக மனைவி கோபப்பட மாட்டார். மகளுக்கும் சொல்லுங்கள், சுருக்கமாக. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் முகம் படிக்கத் தெரியாதென்று நினைக்காதீர்கள். அப்புறம் ஒன்று: எதற்கும் உதவாதவன் என்ற நினைப்பு ராத்திரியில் வேறு பக்கம் திரும்பினால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767-க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து கல்யாணமாகி வந்து நாலு வருடமாகிறது அக்கா. கணவர் காலையில் போனால் இரவு எட்டு மணி. நான் சார்ந்தோர் அட்டையில் (கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்து தங்குகிற அட்டை) இருக்கிறேன், முன்பு போல எளிதாக வேலைக்குப் போக முடியவில்லை. எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஊரில் தெருவே என் வீடு. இங்கே மாடி மாடியாகக் கதவு, எல்லாம் சாத்திய கதவு. நம்மவர்கள் கூடுகிற தேக்காவுக்குப் போனால் மட்டும் மூச்சு வருகிறது.
(வாசகி, செங்காங்)

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லை. உலகத்தில் ஆறில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025-ல் சொன்னது. பிரிட்டன் 2018-லேயே தனிமைக்கென்று ஓர் அமைச்சரைப் போட்டது, ஜப்பான் 2021-ல் போட்டது. அமைச்சர் வந்து கதவைத் தட்டப் போவதில்லை, நாம்தான் தட்ட வேண்டும், அதுதான் சங்கடம். வேலை விஷயமும் உண்மைதான், 2021 மே மாதத்திலிருந்து சார்ந்தோர் அட்டைக்காரர்களுக்குத் தனியாக வேலை அனுமதி வேண்டியிருக்கிறது, அதை நான் எழுதி மாற்றிவிட முடியாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் கசக்கும். உங்கள் மாடியில் தமிழ்க் குடும்பம் இருக்கும் என்று காத்திருந்தால் நாலு வருடம் நாற்பது ஆகும். 1989-லிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கிலும் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதனால் நம்மவர்கள் சிதறித்தான் இருப்போம், இந்தப் பக்கம் ஒரு சீனக் குடும்பம், அந்தப் பக்கம் ஒரு மலாய்க் குடும்பம் என்று. ஊர்த் தெரு மாதிரி ஒரு தெரு இங்கே அமையாது. உங்களுக்கு வாய்த்த தெரு அந்தத் தாழ்வாரம்தான்.

கோலம் போடுவீர்களா? தஞ்சாவூர்க்காரர், போடாமல் எப்படி. ஸ்டிக்கர் கோலத்தை உரித்து எறியுங்கள் (எனக்கு அதன்மேல் தீராத கோபம், மன்னியுங்கள்). காலை ஏழு, ஏழரைக்கு, பள்ளிக்கும் வேலைக்கும் எல்லாரும் லிஃப்டுக்கு நடக்கிற நேரம் பார்த்து வாசலில் உட்காருங்கள். 7 புள்ளி, 4 வரை, இடுக்குப் புள்ளி. மொத்தம் 37 புள்ளிதான், பதினைந்து நிமிஷ வேலை. அரிசி மாவை மெல்லிசாக விடுங்கள், எறும்பு தின்றது போக மிச்சத்தைக் கூட்டிவிடலாம், துப்புரவு செய்கிற அண்ணனுக்கும் வேலை வைக்க வேண்டாம். கோலம் போட்டால் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள். விளக்கு மேடை, பூந்தொட்டி என்று அடுக்கினால்தான் சிக்கல், தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்புக்கான விதி.

நான் அங் மோ கியோவுக்குக் குடிமாறின புதிதில் இப்படித்தான் செய்தேன். முதல் வாரம் எல்லாரும் சுற்றிக்கொண்டு போனார்கள், மிதித்தால் பாவம் என்று நினைத்தார்களோ என்னவோ. இரண்டாம் வாரம் ஒரு சின்னப் பையன், சீனப் பையன், பள்ளிப் பையோடு நின்று, கோட்டை எங்கே ஆரம்பித்தேன் என்று கேட்டான். எனக்கே தெரியவில்லை. சிக்குக் கோலம் அப்படித்தானே. அவன் அம்மா லிஃப்டைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார், இவன் நகரவில்லை. மறுநாள் கொஞ்சம் முன்னதாக வந்து நின்றான். நான் மாவுக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் போட்ட கோடு பாம்பு நெளிந்த மாதிரி இருந்தது, அழிக்கவில்லை. பண்டிகைக்கு முறுக்கு கொடுத்து ஆரம்பித்த நட்பு என்று பலர் எழுதுவார்கள், முறுக்கைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம். ஒரு வேலையை அவர்கள் கண் முன்னால் செய்துகொண்டிருந்தால் நின்று பார்க்க ஒரு சாக்குக் கிடைக்கிறது, கேட்க ஒரு கேள்வி கிடைக்கிறது. சாக்கு இல்லாமல் இந்த ஊரில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள், கெட்டவர்கள் என்பதற்காக இல்லை, கூச்சம்.

ஒரு மாதம் போட்டுவிட்டு எழுதுங்கள். எதிர்வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்து.

கேள்வி: நான் பல்தொழில் கல்லூரி மாணவன். உயர்நிலை ஒன்றிலிருந்து தமிழில் கவிதை எழுதுகிறேன். போன வாரம் நண்பன் ஒருவன் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ‘மழை, தனிமை, எம்ஆர்டி’ என்று தட்டினான், பத்து விநாடியில் ஒரு கவிதை. வகுப்பில் எல்லாரும் அதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள். இனி நான் எதற்கு எழுத வேண்டும்?
(வாசகர், தெம்பனிஸ்)

பதில்: முதலில், அந்த இரண்டு கவிதையையும் எனக்கு அனுப்புங்கள், நான் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்கள் கவிதை உண்மையிலேயே சுமாராக இருக்கலாம், 18 வயதில் சுமாராக எழுதாமல் எப்போது எழுதுவது?

இந்த இயந்திரங்கள் தமிழைப் படித்துக்கொண்டுதான் இருக்கின்றன. நம் ஊரிலேயே 2023 இறுதியில் ‘சீ-லயன்’ என்று தென்கிழக்காசிய மொழிகளுக்கான மொழி மாதிரியை வெளியிட்டார்கள், அதில் தமிழும் உண்டு. எனக்கு அதில் வருத்தம் இல்லை, தமிழை விட்டுவிட்டுப் போயிருந்தால்தான் வருத்தம். ஆனால் மேலே உள்ள பதிலில் கோலம் பற்றிப் பேசினேனே, அதில் ஒரு சங்கதி கேளுங்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்ற தம்பதியும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் 1970களிலேயே கோலத்தின் நெளிவு சுளிவுகளைக் கணினிக்குப் புரிகிற இலக்கண விதிகளாக எழுதிவிட்டார்கள். அதாவது ஐம்பது வருடமாக இயந்திரத்துக்குக் கோலம் போடத் தெரியும். தப்பே இல்லாமல் போடும். அதற்காக எந்தப் பாட்டியாவது மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாளா? போட்டதைச் சாயங்காலத்துக்குள் காற்றும் காலும் அழித்துவிடும் என்று தெரிந்துதான் தினமும் போட்டாள். கோலம் நன்றாக வந்ததா என்பது அவளுக்கு இரண்டாம் பட்சம் என்று சொல்ல மாட்டேன், பக்கத்து வீட்டுக் கோலத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பொருமாத பாட்டி உண்டா என்ன. ஆனால் குனிந்து நிமிர்ந்து புள்ளி வைத்து மூச்சடக்கி இழுக்கிற அந்தப் பதினைந்து நிமிஷம் அவளுடையது, அதை இன்னொருவர் அவளுக்காகச் செய்ய முடியாது.

உங்கள் பத்து விநாடிக் கவிதையில் எந்த எம்ஆர்டி நிலையம் இருந்தது? மழையில் யார் நனைந்தார்கள்? தெம்பனிஸ் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் மழைக்கு ஒதுங்கி நிற்கிற கூட்டத்தில் குடையை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஓர் அம்மா இருப்பார், கையில் பிள்ளையின் புராஜெக்ட் அட்டை, நனையக் கூடாது. அவரைப் பார்த்தவர் நீங்கள். வகுப்பு முழுவதும் கை தட்ட வேண்டாம், வாசிப்பதற்கு ஒரே ஓர் ஆள் பிடியுங்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அவர் கையில் ஒரு கவிதை கொடுத்தாக வேண்டும் என்று ஒப்பந்தம் போடுங்கள். அவர் கறாராக இருக்க வேண்டும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நேரத்தில் போட்டி, மேடை எல்லாம் வரும், அதெல்லாம் போனஸ்.

கேள்வி: காலையில் கண் விழித்ததும் போனை எடுத்தால் போர், வரி, வெள்ளம், விலையேற்றம். படபடப்போடுதான் நாளே ஆரம்பிக்கிறது.
(வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். எழுப்புவதற்குப் பழைய அலாரம் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். செய்தி கேட்க வேண்டும்தான், நான் ஒலி 96.8 வானொலியில் கேட்கிறேன், செய்தி முடிந்ததும் பாட்டு வந்துவிடும், விரலால் கீழே கீழே இழுத்துக்கொண்டே போக முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

கேள்வி: உங்கள் பதில்களைப் படித்தால் எரிச்சலாக வருகிறது. சென்ற மாதம் ஒருவருக்கு ‘வாரம் ஒரு கடிதம் கையால் எழுதுங்கள்’ என்றீர்கள். உலகமே பற்றி எரிகிறது, பருவநிலை மாறுகிறது, வேலைகளை இயந்திரம் விழுங்குகிறது. கடிதம் எழுதுவதும் செடி வளர்ப்பதும் தப்பித்து ஓடுவது இல்லையா? அமைப்பை மாற்றாமல் மனதை மாற்று என்பது பழைய வேதாந்தம்.
(வாசகர், புக்கிட் பாத்தோக்)

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆட்குறைப்பான தம்பிக்கு நான் ‘மனதை அமைதியாக வை’ என்று மட்டும் சொல்லியிருந்தால் நீங்கள் திட்டுவது நியாயம். உதவித்தொகை வந்தது யாரோ நாடாளுமன்றத்தில் கேட்டு, வாதாடி, எழுதி வந்ததுதான், தியானம் செய்து வந்ததில்லை.

மீதிப் பாதிக்கு ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். திருவாரூரில் பிறந்த ஒருவர், 1924-ல், இருபது சொச்சம் வயதில் இங்கே கப்பலிறங்குகிறார். கோ. சாரங்கபாணி. 1935-ல் தமிழ் முரசைத் தொடங்குகிறார், உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடந்து எழுந்த நேரம். அப்புறம் போர், ஜப்பானியர் ஆட்சி. போர் முடிந்தபின் அவர் செய்ததைப் பாருங்கள்: மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகள் எழுதுவதற்குப் பத்திரிகையில் இடம் ஒதுக்கினார். பள்ளிப் பிள்ளைகளின் கதை, கவிதை! 1952-ல் சாதி, சமயம் பார்க்காமல் எல்லாரும் சேர்ந்து கொண்டாட தமிழர் திருநாள் என்று ஒன்றை ஆரம்பித்தார். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார், தொழிலாளிகளும் கொடுத்தார்கள். குடியுரிமை எடுங்கள், எடுங்கள் என்று நம்மவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இதில் எது சின்ன வேலை, எது அமைப்பை மாற்றுகிற வேலை என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மணிமன்றத்தில் எழுதிப் பழகிய பிள்ளைகளிலிருந்துதான் பின்னாளில் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் வந்தார்கள், வாராவாரம் நம் கட்டுரை வருமா என்று பேப்பருக்குக் காத்திருந்த பிள்ளைகள்.

உங்களுக்கு ஒரு கேள்வி. பருவநிலை பற்றி இவ்வளவு கோபப்படுகிறீர்கள், நல்லது, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு அதற்காக எங்கே போகிறீர்கள்? போகிறீர்கள் என்றால் என்னை மன்னித்துவிட்டு முகவரி அனுப்புங்கள், நானும் வருகிறேன், முட்டி வலி கொஞ்சம் உண்டு.

கேள்வி: ஓய்வுபெற்றுவிட்டேன். தோட்டம் போட ஆசை, மண் இல்லை. வீவக வீட்டில் வெண்டைக்காய் வருமா?
(68 வயது வாசகர், ஈசூன்)

பதில்: வரும் அண்ணே, வெயில் இருந்தால். தினம் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் படாத தாழ்வாரத்தில் வெண்டை வைத்தால் செடி ஒல்லியாக உயர்ந்து நிற்கும், காய்க்காது. அப்படியானால் கறிவேப்பிலையோ வெற்றிலையோ வைத்துக்கொண்டு, வெண்டையைக் கீழே கொண்டு போங்கள். தேசிய பூங்காக் கழகம் 2005-லிருந்து குடியிருப்புப் பேட்டைகளில் சமூகத் தோட்டங்களுக்குக் கை கொடுத்து வருகிறது, உங்கள் வட்டாரத்தில் ஒன்று நிச்சயம் இருக்கும், காலை எட்டு மணிவாக்கில் வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றால் யாராவது மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தனியாகத்தான் வேண்டும் என்றால் பூங்காக்களில் வாடகைப் பாத்தி உண்டு, ஒன்று இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூன்று வருடக் குத்தகை. ஹோர்ட் பார்க்கில் 2016-ல் ஆரம்பித்தது. கேட்பவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல் போடுகிறார்கள். எனக்கு இரண்டு முறை விழவில்லை. அதற்குள் புளோக்கின் சமூகத் தோட்டத்தில் வேர் பிடித்துவிட்டேன், மூன்றாம் முறை விண்ணப்பிக்கவே இல்லை.

விதையை ஓர் இரவு ஊற வைத்துப் போடுங்கள், நாலைந்து நாளில் முளைக்கும். ஓர் அடி ஆழமாவது மண் இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், வைத்தால் தண்ணீரை வாராவாரம் இல்லை, நாளொரு முறை கொட்டுங்கள், ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் போதும். ஒன்றரை மாதத்தில் பூக்கும். மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும், பார்க்க வேண்டும் என்றால் மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள்.

பூ விழுந்து நாலைந்து நாளில் காய் பறித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் முற்றிவிடும், கத்தி இறங்காது. ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டாயம் போயாக வேண்டும், பேரப்பிள்ளை வந்தாலும் சரி, காலில் வலி வந்தாலும் சரி. ஜோகூருக்கு மூன்று நாள் போவதென்றால்கூட யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போக முடியும். எங்கள் தோட்டத்தில் ஒரு மலாய் மாமாவிடம் நான் சொல்லிவிட்டுப் போவேன், அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். என் காயைப் பறித்து அவர் வீட்டில் சம்பல் வைத்துவிடுவார், வந்ததும் ருசி எப்படி இருந்தது என்று மட்டும் சொல்வார்.

நுனியை ஒடித்துப் பாருங்கள். ஒடியாவிட்டால் செடியிலேயே விட்டுவிடுங்கள், காய்ந்து வெடிக்கும்போது விதை எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் இப்போது ஒரு டப்பா நிறைய இருக்கிறது. தபால் தலை ஒட்டின உறையில் உங்கள் முகவரியை எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினால் இருபது விதை போட்டு அனுப்புகிறேன். பத்துதான் முளைக்கும்.